தங்க டிராகன் சுபாவைவிட வெறும் இரும்பு சுபா ஏன் விலை அதிகம்?

கேள்வி இதுதான். ஏலத் தளம் ஒன்றில் பழைய ஜப்பானிய வாள்களின் காப்புத் தகடுகள், அதாவது சுபாக்கள், இரண்டு அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. ஒன்றில் தங்க டிராகன், வெள்ளி அலை, விரல் வைக்க இடமில்லாமல் வேலைப்பாடு. இன்னொன்று பழுப்பேறிய இரும்பு வட்டம், அதில் நாலைந்து ஓட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்த இரும்புக்குத்தான் பல மடங்கு விலை. இதில் என்ன கணக்கு, கலை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இந்தத் துறையில் பழகியவர்கள் படத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். முதலில் உலோகம், அப்புறம் அதன் நிறம், அப்புறம் வடிவமும் விளிம்பும், அதற்குப் பிறகுதான் டிராகனா கொக்கா என்பதெல்லாம். நீங்கள் சொல்லும் டிராகன், விவரணையை வைத்துப் பார்த்தால், வாள் கட்டும் வழக்கம் ஒழிந்த பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளரை மனதில் வைத்துச் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இனி விரிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தத் தகட்டுக்கு சுபா என்று பெயர் (சுனாமியில் வரும் அதே முதல் ஒலி). வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உட்காரும். எதிராளியின் வெட்டைத் தடுப்பதுதான் இதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் குத்தும்போது சொந்தக் கை வழுக்கி அலகின் மேல் போகாமல் நிறுத்துவதும், வாளின் எடையைக் கைப்பக்கம் கொஞ்சம் இழுத்துச் சமநிலை கொடுப்பதும் அதைவிட முக்கியம். நீண்ட வாளான கட்டானாவுக்கு உரிய சுபா பெரும்பாலும் 7.5 முதல் 8 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், கூடவே செருகும் குட்டை வாளான வாகிஸாஷிக்கு அதைவிட ஒரு சுற்று சிறியது. நடுவில் ஆப்பு வடிவ ஓட்டை, அலகின் வால் பகுதி அதன் வழியாகக் கைப்பிடிக்குள் போகும். அதற்கு இரு பக்கமும் வேறு வடிவத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தால், அவை உறையோடு செருகி வைக்கும் சின்னக் கத்திக்கும், கோகாய் என்கிற கொண்டை ஊசி மாதிரியான கருவிக்கும் வழிவிடுபவை. நடு ஓட்டையைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள், அங்கே செம்பு வாஷர் உட்காரும், செய்தவர் பெயர் வெட்டுவதும் அங்கேதான். ஆக, கலைஞனுக்குக் கிடைப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டம், அதிலும் நடுப்பகுதி அவனுக்கு இல்லை. மிச்சம் இருக்கிற வளையத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

இப்போது இரும்புக்கு வருகிறேன். பழைய இரும்பு சுபாக்களை வாள் கொல்லர்களும் கவசக் கொல்லர்களும் செய்தார்கள் என்று மரபாகச் சொல்வார்கள். மெல்லிய தகடு, பெயர் கிடையாது, ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு பூவோ பிறையோ துளைத்திருக்கும். ஓனின் போர் 1467 முதல் 1477 வரை கியோட்டோவை எரித்துத் தீர்த்தது. அந்தப் போரின் பெயரிலேயே வழங்கும் ஒரு வகை சுபா உண்டு, இரும்பில் பித்தளைப் புள்ளிகளும் கம்பிகளும் பதித்தது. அழகு என்று சொல்ல முடியாது, முரட்டுத்தனமானது, ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

இரும்பில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. மடித்து மடித்து அடித்த இரும்பில் கரிச்சத்து எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. அப்படிப்பட்ட தகட்டை நெருப்பில் காட்டி மேற்பரப்பை லேசாக உருக விடும்போது கடினமான இடங்கள் புடைத்து நிற்கும், குறிப்பாக விளிம்பில். இதைத் தெக்கொட்சு என்பார்கள், இரும்பின் எலும்பு என்று அர்த்தம். விரலால் விளிம்பைத் தடவினாலே தெரியும். புதிதாகப் பார்ப்பவர் இதைக் குறை என்று நினைத்து ஒதுக்குவார், சேகரிப்பவர்கள் இதற்காகவே தேடி அலைவார்கள். அப்புறம் நிறம். நல்ல இரும்பு சுபாவில் இருப்பதும் துருதான், ஆனால் வேண்டுமென்றே ஏற்றிக் கட்டுக்குள் வைத்து, பிறகு பல தலைமுறை கையும் துணியும் பட்டுப் பட்டு இறுகிப்போன துரு. கருமையில் ஊதா கலந்தோ, ஆழ்ந்த பழுப்பாகவோ, உள்ளுக்குள் ஈரம் இருப்பது போன்ற ஒரு மினுக்கோடு இருக்கும். புகைப்படத்தில் இது வரவே வராது. உங்கள் ஏலத் தளத்தில் அது "வெறும் இரும்பு வட்டமாக"த் தெரிந்ததற்கு இது ஒரு காரணம்.

இந்த இரும்பு ரசனையின் உச்சத்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இரண்டு பெயர்களை வைப்பார்கள்: நொபுயியே, கனேயியே. நொபுயியே தகட்டையே பேச விட்டவர். கனத்த விளிம்பு, பரப்பு முழுவதும் ஆமையோட்டுக் கோடுகள் அழுந்தியும் அழுந்தாமலும், பெயரைக்கூட ஒரு அலட்சியத்தோடு வெட்டியிருப்பார். கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஃபுஷிமியில் இருந்த கனேயியே வேறு மாதிரி. சுபாவில் மையோவியம் போல நிலக்காட்சியைக் கொண்டுவந்த முன்னோடி அவர்தான் என்பார்கள். ஒரு ஓரத்தில் மலை, ஒரு மீனவன், மிச்சமெல்லாம் வெறும் இரும்பு, தங்கமோ வெள்ளியோ ஒரு பொட்டு, இரண்டு பொட்டு. அந்தக் காலி இடம் பனியாகவும் தண்ணீராகவும் தெரிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் தங்க டிராகன் பக்கம் போக மாட்டீர்கள். அதே காலத்தில் கியோட்டோவில் உமெதாதா மியோஜு (1558–1631) என்றொருவர், வாளும் அடிப்பார், சுபாவும் செய்வார். பல நிற உலோகங்களைத் தரையோடு தரையாகப் பதித்து இலை, கொடி, பழம் என்று வைத்திருக்கிறார், இன்றைக்கு யாரோ வரைந்தது போலிருக்கும்.

நீங்கள் பார்த்தது ஓட்டை போட்ட வகை என்பதால் அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துளை வேலைக்கு சுகாஷி என்று பெயர். இதில் இரண்டு வழி உண்டு. உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து, தகட்டில் அதன் நிழல் போன்ற ஓட்டையை விடுவது ஒன்று. உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை எல்லாம் வெட்டித் தள்ளுவது இன்னொன்று. இரண்டாவதில் கொக்கின் இறகு நுனி விளிம்பைத் தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சுபா பலம் இல்லாமல் போய்விடும். இந்தக் கட்டாயத்தை அழகாக மாற்றியதில்தான் ஊருக்கு ஊர் பாணி பிரிகிறது. கியோட்டோ பாணியில் கோடுகள் மெலிந்து, ஒரே சீராக, நாசூக்காக ஓடும். ஒவாரி (இன்றைய நகோயா வட்டாரம்) பாணியில் இடம் வலம் ஒத்திருக்கும், கோடு தடித்து நிற்கும், இரும்பின் எலும்பும் சேர்ந்துகொள்ளும். என் ஓட்டு ஒவாரிக்குத்தான். பிற்காலத்தில் உராய்வுப் பொடி தடவிய கம்பியைக் கொண்டு மயிரிழைக் கோடுகளாக அறுத்த சுபாக்களும் வந்தன, எப்படித்தான் அறுத்தார்களோ என்று வியக்க வைக்கும், வியப்போடு முடிந்தும்விடும்.

ஹிகோ மாகாணத்தை, அதாவது இன்றைய குமாமோட்டோவை, விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த மண்ணை ஆள வந்த ஹோசோகாவா குடும்பத்தின் மூத்தவர் ததாவோகி (1563–1646), சான்சாய் என்ற பெயராலும் அறியப்பட்டவர். போர்க்களத்திலேயே வளர்ந்தவர், அதே சமயம் தேநீர்ச் சடங்கின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூவின் நேரடிச் சீடர். தேநீர்க் கிண்ணத்தில் தேடிய அடக்கத்தை அவர் வாளின் பாகங்களிலும் தேடினார், அதற்கேற்ற கைவினைஞர்களைக் குடும்பமே வைத்துப் பேணியது. அவர்களில் ஹயாஷி மதாஷிச்சி துப்பாக்கி செய்யும் கொல்லர் வழி வந்தவர். துப்பாக்கிக் குழலில் தங்கம் பதித்த கை சுபாவுக்கு வந்தபோது என்ன ஆனது என்று பார்க்க வேண்டுமானால், டோக்கியோவில் ஹோசோகாவா குடும்பச் சேகரிப்பை வைத்திருக்கும் எய்செய் புன்கோ அருங்காட்சியகத்தில் அவர் செய்த ஒரு சுபா இருக்கிறது: கறுத்த இரும்பு, அதில் செர்ரி மலர்களும் கிழிந்துபோன விசிறிகளும் தங்கத்தில் சிதறிக் கிடக்கும். கிழியாத விசிறியை வைத்திருந்தால் அது சாதாரண அலங்காரமாகப் போயிருக்கும். வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி கடைசி ஐந்தாறு ஆண்டுகளை ஹோசோகாவாக்களின் ஆதரவில் இதே ஊரில்தான் கழித்து 1645இல் இறந்தார். அவர் வடிவமைத்ததாகச் சொல்லப்படும் ஒரு சுபா மாதிரி இன்றும் வாள் பயிற்சிக் கடைகளில் விற்பனையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, இரும்பல்லாத உலோகம். எடோ காலம் 1603இல் தொடங்கியது, ஆரம்ப ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் பெரிய போர் கிடையாது. சாமுராய் இடுப்பில் இரண்டு வாள் இருந்தாக வேண்டும், ஆனால் உருவ வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் வரவே வராது. வாள் பதவிச் சின்னம் ஆகிவிட்டது, செலவெல்லாம் வெளியே தெரியும் பாகங்களுக்குப் போனது. நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் கோட்டைக்குப் போகும்போது அலங்காரம் இல்லாத கறுப்பு சுபா, கறுப்பு உறை என்று கண்டிப்பும் இருந்தது. அந்தக் கறுப்பில்தான் இந்தக் கலையின் ஆகப்பெரிய தந்திரம் ஒளிந்திருக்கிறது.

அந்த உலோகத்துக்கு ஷாகுடோ என்று பெயர். செம்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தங்கம். உருக்கி ஊற்றியதும் பார்த்தால் சாதாரணச் செம்பு போலத்தான் இருக்கும், இதற்கா தங்கத்தைக் கொட்டினார்கள் என்று தோன்றும். செதுக்கி மெருகேற்றிய பிறகு, துருவிய வெள்ளை முள்ளங்கிச் சாற்றில் முக்கி எடுத்து, செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த நீரில் கொதிக்க வைப்பார்கள். கண்ணெதிரே நிறம் மாறி, நீலம் ஓடும் கருமை வந்துவிடும், காக்கைச் சிறகின் கருமை என்று ஜப்பானியர் சொல்வது. இது மேலே பூசிய சாயம் கிடையாது, உலோகத்தின் மேல்தோலே ஆக்சைடாக மாறியது. தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தங்கம் இல்லாத செம்பை அதே நீரில் போட்டால் செம்பழுப்புதான் வரும். செம்போடு நாலில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளி கலந்த ஷிபுயிச்சியைப் போட்டால் மழை மேகச் சாம்பல் வரும். சுத்தத் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. இப்போது இதன் பலனை யோசித்துப் பாருங்கள். ஒரே சுபாவில் இந்த உலோகங்களை எல்லாம் பதித்துச் செதுக்கி ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் கறுப்பு, சாம்பல், சிவப்பு, பொன் எல்லாம் தனித்தனியே தானாக வெளிவருகின்றன. செதுக்கும் வரை அநேகமாக எல்லாமே செம்பு நிறத்தில் தெரிகிற தகட்டில், கடைசியில் வரப்போகும் வண்ணத்தை மனதில் வைத்தே வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் பிடிபடாத அதிசயம் இது.

கறுப்பு ஷாகுடோ பரப்பை உற்றுப் பார்த்தால் சில சமயம் மணி மணியாக இருக்கும். இது நனாகோ, மீன்சினை என்று வைத்துக்கொள்ளலாம். குழிந்த முனையுள்ள உளியால் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகத் தட்டி எழுப்ப வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகள், வரிசை பிசகாமல், ஓரங்களில் வளைந்து திரும்பும் இடத்திலும் இடைவெளி மாறாமல். கோலப் புள்ளி வைப்பவர்களுக்கு ஒரு புள்ளி தள்ளினால் என்ன ஆகும் என்று தெரியும். இங்கே அழித்துத் திரும்ப வைக்கவும் வழியில்லை. நனாகோ மட்டுமே போட்டு வாழ்ந்த தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

இந்தக் கறுப்பும் பொன்னுமான பாணியின் தலைமை வீடு கோட்டோ குடும்பம். முதல்வர் யூஜோ (1440–1512), ஆஷிகாகா ஷோகுன் யோஷிமாசாவிடம் பணியாற்றியவர். அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை பதினேழு தலைமுறை, யார் ஆட்சிக்கு வந்தாலும் அவர்களுக்கு வேலை செய்தார்கள். கோட்டோக்களின் கவனம் சுபாவைவிட அந்தச் சின்னக் கத்தியின் பிடி, கோகாய், கைப்பிடி நாடாவுக்குள் செருகும் உருவங்கள் ஆகியவற்றில்தான் அதிகம். நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அரசாங்க நேர்த்தி, கொஞ்சம் சலிப்பூட்டும்.

அந்தச் சலிப்பு யோகோயா சோமினுக்கும் (1670–1733) இருந்திருக்க வேண்டும். கோட்டோ வழிமுறையில் வந்தவர், அந்த உத்தியோக மரபை விட்டு விலகி எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து வாடிக்கையாளர்களுக்காகச் செதுக்க ஆரம்பித்தார். அவர் கொண்டுவந்த உத்தி, உளியைச் சாய்த்துப் பிடித்துக் கோட்டின் ஒரு கரையைச் செங்குத்தாகவும் மறு கரையைச் சரிவாகவும் வெட்டுவது. அழுத்தம் மாறும்போது கோடு தடித்து மெலிந்து, தூரிகை இழுப்பு அப்படியே உலோகத்தில் இறங்கிவிடும். ஓவியர் ஹனபூசா இச்சோவின் வரைபடங்களை வைத்து அவர் வேலை செய்ததும் இதோடு பொருந்திப் போகிறது. அதே ஆண்டில் பிறந்த இன்னொருவர் சுச்சியா யாசுச்சிகா (1670–1744). நாரா என்கிற உலோகக் கலைஞர் மரபின் மூன்று பெரியவர்களில் ஒருவர், இரும்பு, பித்தளை, செம்பு என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து விளையாடியவர். ஒருவரை மட்டும் தேர்ந்தெடு என்றால் நான் யாசுச்சிகாவைத்தான் எடுப்பேன்.

படங்களைப் பற்றியும் கொஞ்சம். தும்பி ஏன் இத்தனை சுபாக்களில் இருக்கிறது என்றால், அது பின்வாங்காமல் முன்னே மட்டும் பறக்கும் என்ற நம்பிக்கை, அதனால் வெற்றிப் பூச்சி என்றே பெயர். ஆளைக் காட்டாமல் அவருடைய பொருள்களை மட்டும் காட்டி விட்டுவிடும் விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பனி, ஒரு மண்வெட்டி, மூங்கில் குருத்து, இவ்வளவுதான் இருக்கும். நோயுற்ற தாய்க்காகக் கொட்டும் பனியில் குருத்து தேடிப்போன சீனக் கதையின் மெங் சோங் அங்கே இல்லாமலே இருப்பார். கதை தெரிந்தவர் சிரித்துக்கொள்வார், தெரியாதவருக்கு அது வெறும் தோட்ட வேலை.

இரும்பில் தங்கம் ஒட்டவைக்க நுனொமே என்றொரு முறை உண்டு. பரப்பில் துணி நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்கும் நுண்ணிய கோடு கீறி, அந்தச் சொரசொரப்பில் தங்கத் தகட்டை வைத்துத் தட்டுவது. நம் நாட்டு வாள்களில் இருக்கும் கோஃப்த்காரி வேலையின் செய்முறையும் இதேதான். இது ஆழமாகப் பதிப்பதைவிடச் சிக்கனம், ஆனால் நாளாக ஆகத் தேய்ந்துபோகும், அப்போது அடியில் அந்தக் கீறல்கள் தெரியும். பழையதில் அது தெரிவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

1876 மார்ச்சில், ஷோகுன் ஆட்சி முடிந்த பிறகு வந்த மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. ஒரே ஆணையில் ஆயிரக்கணக்கான கைகளுக்கு வேலை போனது. கானோ நட்சுவோ (1828–1898) போன்ற சிலர் தப்பினார்கள். புதிய யென் நாணயங்களின் டிராகன் வடிவத்தைச் செதுக்கியது அவர்தான், பிறகு 1890இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியரும் ஆனார். மற்றவர்கள் பூச்சாடி, சிகரெட் பெட்டி என்று ஏற்றுமதிப் பொருள் பக்கம் போனார்கள். வாளே காணாத சுபாக்களும் அப்போது நிறைய உருவாயின, மேலை நாட்டார் விரும்பியபடி உருவம் பெரிதாக, தங்கம் தாராளமாக. அவற்றிலும் உயர்ந்த வேலை உண்டு, எல்லாவற்றையும் ஒதுக்குவது அநியாயம். ஆனால் சராசரி ஏற்றுமதி டிராகன் விலையில் பின்தங்குவதன் காரணம் இதுதான். பழைய சுபாக்களும் இதே காலத்தில்தான் கூடை கூடையாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டிலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டனிலும் இத்தனை இருப்பது அதனால்தான்.

வாங்கும் எண்ணம் இருந்தால் சில விஷயங்கள். நடு ஓட்டையைப் பாருங்கள். மேலும் கீழும் செம்புத் துண்டு வைத்து அடைத்திருந்தால், ஓரத்தில் உளிப் பொளி இருந்தால், அது உண்மையிலேயே ஒரு வாளில், சில சமயம் மூன்று நான்கு வாள்களில், அளவு சரிசெய்து மாட்டப்பட்டது என்று அர்த்தம். பக்க ஓட்டையைப் பிற்காலத்தில் ஈயமோ ஷாகுடோவோ கொண்டு அடைத்திருப்பதும் அப்படித்தான். இவை குறையல்ல, வாழ்க்கைக் குறிப்பு. துளைகளின் உட்சுவரில் நீளமாக ஒரு ஒட்டுக்கோடு ஓடினாலோ, சின்னச் சின்னக் குமிழிக் குழிகள் இருந்தாலோ, உருவங்களின் ஓரம் மழுங்கி உருண்டிருந்தாலோ அது அச்சில் வார்த்த நகல். ஏலத் தளங்களில் இதுதான் பாதிக்கு மேல் என்பது என் அபிப்பிராயம். பெயரை நம்பாதீர்கள். பெரிய பெயர்களைப் போலியாக வெட்டுவது அந்தக் காலத்திலேயே நடந்தது, நொபுயியே பெயர் கண்ட இடத்தில் எல்லாம் சந்தேகப்படுவதுதான் வழக்கம். பெயரே இல்லாத நல்ல ஒவாரி சுபா, பொய்ப் பெயருள்ள எதையும்விட மேல்.

1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம் சுபாக்களையும் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது. ஹோசோன் முதல் படி, அதற்கு மேல் தொகுபெட்சு ஹோசோன், பிறகு ஜூயோ என்று போகும். முதல் சுபாவை ஹோசோன் காகிதத்தோடு வாங்குவது காசுக்கு நல்லது. டோக்கியோ போனால் ரியோகோகுவில் உள்ள அவர்களின் வாள் அருங்காட்சியகத்தையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நம் ஊர் ஆட்களுக்கு அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்: வீட்டுக்கு வந்ததும் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எலுமிச்சை, பிராஸோ, துரு நீக்கும் திரவம் எதுவும் கூடாது. ஷாகுடோவின் கறுப்பு ஒரே தேய்ப்பில் போய்விடும், பிறகு கையில் இருப்பது செம்பு வில்லை. இரும்பில் புதிதாகச் செந்துரு பூத்திருந்தால் மான்கொம்பு அல்லது எலும்புத் துண்டின் முனையால் அந்த இடத்தை மட்டும் பொறுமையாகச் சுரண்டுங்கள், அடியிலுள்ள கறுத்த தோலில் கீறல் விழாது. மற்றபடி உலர்ந்த பருத்தித் துணியால் அடிக்கடி துடைத்தால் போதும். நிறுத்தி வைக்கும்போது நடு ஓட்டையின் குறுகிய முனை மேலே இருக்கட்டும், கட்டானா சுபாவுக்கு அதுதான் நேர்.